ரம் பாட்டிலில் 23 என்று இருந்தால் வயது 23தானா?

வெளிநாட்டு விமான நிலையங்களின் வரியில்லாக் கடைகளில், ரம் அலமாரியில் பெரும்பாலும் இந்த நான்கும் அடுத்தடுத்து நிற்கும். குவாதமாலாவின் ஸகாபா பாட்டிலில் 23 என்ற எண். ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் பாட்டிலில் 12. வெனிசுவேலாவின் சாண்டா தெரேசாவில் 1796. பார்படாஸின் மவுன்ட் கேயில் எண்ணே இல்லை, எக்ஸ்.ஓ. என்ற எழுத்துகள் மட்டும். இவற்றில் எது அதிக காலம் பீப்பாயில் ஊறியது என்று கேட்டால் 23ஐத்தான் கை தேடும். ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு சங்கதிகளைச் சொல்கின்றன. பீப்பாயில் குறைந்தது இத்தனை ஆண்டு இருந்தது என்ற பொருளில் வயதைச் சொல்வது 12 மட்டுமே.

ஸ்காட்ச் விஸ்கியில் இந்தச் சிக்கல் எழாது. ஒரே நாடு, ஒரே சட்டம், கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயதுதான் லேபிளில் வரும். ரம் அப்படியில்லை. கரும்பு விளையும் இடமெல்லாம் ரம் உண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம் உண்டு, சில இடங்களில் சட்டமே பெயருக்குத்தான். ஆகவே இரண்டு நாட்டு ரம்களை ஒப்பிட உட்காரும் முன், பாட்டிலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கரும்பிலிருந்து பீப்பாய் வரை

ரம் என்பது கரும்பிலிருந்து பிறந்த சர்க்கரைப் பொருளை நொதிக்கவிட்டுக் காய்ச்சி வடித்தது. மூலப்பொருள் மூன்று வகை.

1. மொலாசஸ்: ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கருஞ்சாறு. உலகின் பெரும்பாலான ரம் இதிலிருந்துதான்.
2. பச்சைக் கரும்புச்சாறு: மார்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளின் வழி. இதற்கு ‘ரம் அக்ரிகோல்’ என்று பெயர். புல்லும் பச்சை மிளகும் கலந்தாற்போல மணக்கும்.
3. காய்ச்சிச் சுண்டவைத்த கரும்புப் பாகு: ஸகாபா இந்த வகை. சர்க்கரையைப் பிரிக்காமல் சுண்டியது.

அடுத்தது நொதித்தல். சுவையில் பாதி இங்கே முடிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு; பீப்பாய்க்குக் கிடைக்கும் புகழில் கால்வாசி கூட இதற்குக் கிடைப்பதில்லை. லேசான ரம் வேண்டுமென்றால் வளர்ப்பு ஈஸ்ட்டைப் போட்டு ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். ஜமைக்காவின் ஹாம்ப்டன் ஆலையில் காற்றில் உள்ள காட்டு ஈஸ்ட்டை நம்பி இரண்டு வாரம்வரை விடுகிறார்கள். முந்தைய வடிப்பில் கலனின் அடியில் தங்கிய புளித்த கழிவை அங்கே ‘டண்டர்’ என்பார்கள். அதையும், குழியில் அழுகவிட்ட ‘மக்’ என்னும் கலவையையும் சேர்ப்பார்கள். பாக்டீரியாக்கள் அமிலங்களைப் பெருக்குகின்றன; அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர்கள் ஆகின்றன. எஸ்டர்தான் பழமணம். அளவாக இருந்தால் அன்னாசி, கனிந்த வாழை. அதிகமானால் பழுத்து வெடித்த பலா, வார்னிஷ், நகப்பூச்சு.

ஜமைக்காவில் எஸ்டரை எடைபோட்டே ரம்மைத் தரம் பிரிக்கிறார்கள். நூறு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு இத்தனை கிராம் என்பது கணக்கு, உச்சவரம்பு 1600. ஹாம்ப்டனின் ‘டி.ஓ.கே.’ என்ற முத்திரை 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது. இதை அப்படியே குடிப்பதற்காக யாரும் வடிக்கவில்லை. 1889இல் ஜெர்மனி ரம் இறக்குமதிக்குக் கடும் வரி போட்டது. வரியைச் சமாளிக்க, கொஞ்சம் கலந்தாலே மணக்கும் செறிவான ரம்மைக் கேட்டார்கள் ஜெர்மன் வியாபாரிகள். அதை வாங்கி, மணமில்லாத உள்ளூர்ச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். இன்றும் ‘ரம் ஃபெர்ஷ்னிட்’ என்று அங்கே விற்பதில் ஆல்கஹாலின் 5 சதவீதம் ரம்மிலிருந்து வந்தால் போதும். வரிக்குப் பயந்து பிறந்த வாசனையை இப்போது ரம் பிரியர்கள் பெரும் விலை கொடுத்துத் தனியாகக் குடிக்கிறார்கள்!

பிறகு வடிகலன். பானை வடிகலன் ஒரு முறைக்கு ஒரு கொதியாக வடிப்பது. மணப்பொருள்கள் நிறையத் தங்கும். கோபுரம் போன்ற தொடர் வடிகலன் இடைவிடாமல் வடிப்பது. விரும்பினால் 95 சதவீத ஆல்கஹால் வரை சுத்தம் செய்துவிடலாம். சுத்தம் ஏற ஏறக் கரும்பின் சுவடு குறையும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 96 சதவீதத்துக்குக் கீழே வடிக்கச் சொல்கிறது, அது பெரிய கட்டுப்பாடு அல்ல. மார்டினிக் சட்டமோ 65 முதல் 75 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. பார்படாஸில் இரண்டு வடிகலன்களின் ரம்மையும் கலப்பது மரபு.

பீப்பாயும் வெயிலும்

அமெரிக்காவில் போர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்படுத்திய, சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கரீபியத் தீவுகளுக்கு வந்துசேர்கின்றன. ரம்மில் நாம் உணரும் வனிலா, கிராம்பு, வறுத்த தேங்காய் மணங்கள் மரத்தின் கொடை, கரும்பின் கொடை அல்ல.

வெயில் இரண்டு வேலை செய்கிறது. மரத்திலிருந்து சாரத்தை வேகமாக இழுக்கிறது. சரக்கையும் வேகமாக ஆவியாக்குகிறது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியானால் கரீபியத்தில் 6 முதல் 8 சதவீதம் போகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆண்டுக்கு 6 என்று வைத்தே கணக்கிட்டாலும், 12 ஆண்டில் பீப்பாயில் பாதிக்கும் குறைவே மிஞ்சும். 20 ஆண்டில் மிஞ்சுவது 30 சதவீதத்துக்கும் கீழே. ஸ்காட்லாந்தில் 12 ஆண்டுக்குப் பிறகும் 78 சதவீதம் இருக்கும். தீவில் ஊறிய 20 வயது ரம்மின் விலைக்கு ஒரு முக்கியக் காரணம் இது.

‘கரீபியத்தில் ஓராண்டு ஸ்காட்லாந்தில் மூன்றாண்டுக்குச் சமம்’ என்ற விற்பனை வாசகத்தை அப்படியே நம்பத் தேவையில்லை. மரச்சாரம் வேகமாக இறங்குவது உண்மை. ஆனால் மெல்ல நடக்கும் ஆக்ஸிஜனேற்றம் எல்லாம் அதே மும்மடங்கில் ஓடுவதில்லை. சூட்டில் நெடுநாள் கிடந்த ரம் சில சமயம் மரத்தூளைக் கடித்ததுபோல் துவர்க்கும். இதே காரணத்தால் உயரமும் கணக்கில் வருகிறது: ஸகாபாவின் கிடங்கு கேத்சால்தெனாங்கோ நகரில், கடல்மட்டத்திலிருந்து 2300 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த மலையில் இருக்கிறது.

எண் எதைச் சொல்கிறது

1. குறைந்தபட்ச வயது. ‘12 ஆண்டு’ என்று ஆண்டு என்ற சொல்லோடு எழுதியிருந்தால், கலவையில் உள்ள மிக இளைய ரம்முக்கு 12 வயது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வயது போட்டால் இப்படித்தான் போட வேண்டும். ஜமைக்கா, பார்படாஸ், கயானா ரம்களில் பெரும்பாலும் இந்த முறை.

2. ஆண்டு என்ற சொல் இல்லாத வெறும் எண். ஸகாபா 23 இதுதான். 6 முதல் 23 ஆண்டு வரையிலான ரம்களின் கலவை என்று நிறுவனமே சொல்கிறது. மிக இளையதைக் கொண்டு பேர் வைத்தால் அது ஸகாபா 6 ஆகியிருக்கும்.

3. வயதோடு தொடர்பே இல்லாத எண். சாண்டா தெரேசாவின் 1796 அந்தப் பண்ணை தொடங்கிய ஆண்டு.

4. எழுத்துகள். மார்டினிக்கில் எக்ஸ்.ஓ. என்றால் குறைந்தது 6 ஆண்டு, வி.எஸ்.ஓ.பி. என்றால் 4, வி.ஓ. என்றால் 3, 1996இல் கிடைத்த புவிசார் அங்கீகாரத்தின்கீழ் இவை கட்டாயம். மற்ற இடங்களில் எக்ஸ்.ஓ. என்பது அந்தந்த நிறுவனம் வைத்த பெயர். மவுன்ட் கே எக்ஸ்.ஓ.வில் 5 முதல் 17 ஆண்டு வரையிலான ரம்கள் கலந்திருக்கின்றன. ‘ரிசர்வா’, ‘அன்யேஹோ’, ‘கிரான்’ போன்ற ஸ்பானியச் சொற்களுக்கும் எல்லா நாட்டுக்கும் பொதுவான வரையறை கிடையாது.

சொலேரா: கணக்கு போட்டுப் பார்த்தால்

ஸ்பெயினின் ஷெரி ஒயினிலிருந்து வந்த முறை சொலேரா. பீப்பாய்களை அடுக்கி, அடியில் உள்ளதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து விற்று, எடுத்த அளவுக்கு மேலடுக்கிலிருந்து நிரப்புவார்கள். எந்தப் பீப்பாயும் முழுதாகக் காலியாவதில்லை. கொள்ளுப்பாட்டி காலத்து உறைமோர் இன்றைய தயிரிலும் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றதுதான் இது: பொய்யில்லை, ஆனால் பால் இன்றைக்குக் கறந்தது.

எளிமைக்காக ஒரே ஒரு பீப்பாய், 200 லிட்டர் என்று கொள்வோம். ஆவியாவதை மறந்துவிடலாம். ஆண்டுதோறும் பாதியை எடுத்துப் புதியதால் நிரப்புகிறோம்.

1. பத்தாவது நிரப்பலுக்குப் பிறகு முதல் சரக்கில் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிக்கும் குறைவு.
2. 23ஆவது நிரப்பலுக்குப் பிறகு மிஞ்சுவது முழுப் பீப்பாய்க்கும் சேர்த்து 0.024 மில்லி. ஒரு சொட்டுக்கும் பாதி.
3. ஆனாலும் ‘இதில் 23 வயது ரம் இருக்கிறது’ என்பது பொய்யாகாது. அந்தப் பீப்பாயிலிருந்து எடுக்கும் ரம்மின் சராசரி வயதோ இரண்டு ஆண்டுதான்.

நிஜ நிறுவனங்கள் இவ்வளவு வேகமாகச் சுழற்றுவதில்லை. அடுக்குகள் கூடினால், எடுக்கும் பங்கு குறைந்தால் சராசரி ஏறும். நான்கு அடுக்கில் ஆண்டுக்குக் கால்வாசி மட்டும் எடுத்தால் சராசரி 16 ஆண்டுவரை போகும். ஆகவே சொலேரா என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குவதும் தவறு. எத்தனை அடுக்கு, எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற இரண்டு விவரம் இல்லாமல் உச்ச வயதை மட்டும் பெரிதாக அச்சிட்டால் அந்த எண்ணால் வாங்குபவருக்குப் பயனில்லை, அவ்வளவே.

சர்க்கரை

காய்ச்சி வடித்த ரம்மில் சர்க்கரை இருக்காது. சர்க்கரை ஆவியாகாது, ஆகவே வடிப்பில் வராது. மொலாசஸிலிருந்து வந்ததால் ரம் இயல்பாகவே இனிக்கும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் தவறானது. மரத்தின் வனிலா மணம் இனிப்பு என்ற பிரமையைத் தரும். அதற்கு மேல் நாவில் பாகுபோல் படிந்தால், வடித்த பிறகு யாரோ சேர்த்திருக்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மே முதல் லிட்டருக்கு 20 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. 750 மில்லி பாட்டிலுக்கு 15 கிராம், சுமார் மூன்று தேக்கரண்டி. ஜமைக்கா ரம்மில் நிறத்துக்கான கேரமல் தவிர எதையும் சேர்க்கக்கூடாது. பார்படாஸின் ஃபோர்ஸ்கொயர் ஆலையை நடத்தும் ரிச்சர்ட் சீல் இனிப்புச் சேர்ப்புக்கு எதிராகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுப்பவர். ஸ்பானிய மொழி பேசும் சில நாடுகளில் இனிப்பான ரம் என்பது விரும்பிச் செய்யப்படும் பாணி. அது குற்றமில்லை, லேபிளில் சொல்லாததுதான் உறுத்துகிறது.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஆல்கஹால் சதவீதம் குறித்த ஹைட்ராமீட்டர் என்னும் அடர்த்திமானியை 20 டிகிரி வெப்பத்தில் மிதக்கவிட்டால், சர்க்கரையில்லாத 40 சதவீத ரம் 40 என்றே காட்டும். சர்க்கரை கரைந்திருந்தால் திரவம் கனத்து, அளவு குறைவாகக் காட்டும். ஒவ்வொரு சதவீதக் குறைவுக்கும் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் என்று கொள்ளலாம். 35 என்று காட்டினால் 20 கிராம் அளவில் இருக்கிறது. பின்லாந்து அரசின் மதுக்கடை நிறுவனமான ஆல்கோ தன் விலைப்பட்டியலிலேயே சர்க்கரை அளவைத் தருகிறது. கருவி இல்லையென்றால் சில சொட்டை உள்ளங்கையில் தேய்த்துக் காயவிடுங்கள். பிசுபிசுத்தால் விடை கிடைத்துவிட்டது.

நிறத்தைப் பார்த்து வயதைக் கணிக்கவே வேண்டாம். கேரமல் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கப்பட்டது.

நாடுகளின் குணம்

கயானாவில்தான் கதை அதிகம். சர்க்கரைப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அவற்றின் வடிகலன்கள் இடம் மாறி, கடைசியில் டெமராரா டிஸ்டில்லர்ஸ் நிறுவனத்தின் டயமண்ட் ஆலைக்கு வந்து சேர்ந்தன. போர்ட் மோரன்ட், வெர்சாய், என்மோர் என்ற மூன்றும் மரத்தால் ஆனவை. மரப் பானை வடிகலனில் இன்றும் வேலை நடக்கும் இடம் அது. போர்ட் மோரன்ட் ரம்மில் அதிமதுரமும் ஈரமண்ணும் மணக்கும். எல் டொராடோ என்ற பெயரில் வரும் ரம்களில் பல இந்த ஆலையின் வடிகலன்கள் தருவதைக் கலந்தவை.

கியூபா இதற்கு நேர் எதிர். சுமார் 75 சதவீதத்தில் வடித்ததை முதலில் ஊறவைத்து, கரியில் வடிகட்டி, அதிகம் சுத்திகரித்த வடிப்போடு கலந்து மீண்டும் ஊறவைக்கிறார்கள். மென்மைதான் நோக்கம். கியூபாவின் ரம் கலவை வல்லுநர்களின் கைநுட்பத்தை 2022இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. டிரினிடாடின் கரோனி ஆலை 2003இல் மூடிவிட்டது. தாரும் டீசலும் வீசும் அதன் ரம் இன்று ஏலத்துக்கு வரும் பொருள்.

மார்டினிக்கில் மூன்றாண்டாவது, 650 லிட்டருக்கும் சிறிய ஓக் பீப்பாயில் இருந்தால்தான் ‘ரம் வியூ’, அதாவது முதிர்ந்த ரம். 1853 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி அந்தத் தீவுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்களில் தமிழர்கள் பெருந்தொகை. அவர்கள் வெட்டிய கரும்பும் அங்கே ரம் ஆகியிருக்கிறது.

நம் வாசகர்களுக்கு நாவில் பழகியது 1954இல் மோகன் மீகின் கொண்டுவந்த ஓல்ட் மாங்க். லேபிளில் 7 என்றிருக்கும். இந்தியப் பாட்டில்களில் காணும் 42.8 சதவீதம் பழைய பிரிட்டிஷ் அளவையின் 75 டிகிரி புரூஃப். வனிலா தூக்கலான அந்தச் சுவையை அளவுகோலாக வைத்துக்கொண்டு மார்டினிக் ரம்மை எடுத்தால் முதல் மடக்கு அதிர்ச்சிதான்.

ஒப்பிடும் முறை

எல்லாவற்றையும் ஒரே மாலையில் திறப்பது வீண். ஒன்றைத் தவிர மற்றவற்றை முடிந்தவரை சமமாக்க வேண்டும்.

1. ஒரே வகை வயது: ஆப்பிள்டன் 12, எல் டொராடோ 12, பார்படாஸின் டூர்லீஸ் 12. மூன்றிலும் எண் குறைந்தபட்ச வயதையே சொல்கிறது, மூன்றும் மொலாசஸ். வடிகலனும் நொதித்தலும் செய்யும் வேற்றுமை தெளிவாகத் தெரியும். நாவுக்கு எல் டொராடோ இனிப்பாகப் படும், அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

2. ஒரே வீரியம்: 60 சதவீத ரம் 20 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் 40 ஆகும். 46 சதவீதத்துக்கு 3 மில்லி போதும். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் வீரியம் உள்ளதே ஆழமானது என்று தோன்றிவிடும்.

3. வரிசை: இனிப்பில்லாதது முதலில், இனிப்புக் கடைசியில். நாவில் சர்க்கரை படிந்தபின் எந்த நல்ல ரம்மும் காய்ந்து மெலிந்ததாகவே தோன்றும். எஸ்டர் மிகுந்த ஜமைக்கா ரம்மையும் பின்னுக்குத் தள்ளுங்கள்.

4. வாய் குறுகிய கண்ணாடிக் குவளை, 20 டிகிரியை ஒட்டிய வெப்பம். சென்னைக் கோடையில் அறைச்சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால் நெடி மட்டுமே மூக்கில் ஏறும். ஐஸ் போட்டால் மணமே அடங்கிவிடும்.

5. பெயர் தெரியாமல் ருசிப்பது. வேறொருவர் ஊற்றிக் குவளைக்கு அடையாளம் இடட்டும். 23 என்ற எண்ணைப் பார்த்தபின் நாக்கு சுதந்திரமாக இருக்காது.

ஒன்றுக்கு 15 மில்லி, நான்கு ரம்முக்கு மேல் வேண்டாம். அதற்குப் பிறகு வருவது மதிப்பீடு அல்ல, போதை. துப்பிவிடுவதும் முறைதான்.

எங்கே ஊற வேண்டும் என்ற சண்டை

ரம் செய்திகளில் அடிக்கடி அடிபடும், பார்படாஸிலும் ஜமைக்காவிலும் நடக்கும் தகராறு இங்கேதான் வருகிறது. தீவில் வடித்து, ஐரோப்பாவில் ஊறவைத்தால் அதற்குத் தீவின் பெயரை வைக்கலாமா? பிரெஞ்சு நிறுவனமான மேசோன் ஃபெர்ராண்ட், கரீபியத்தில் சில ஆண்டு ஊறிய ரம்மை பிரான்சுக்குக் கொண்டுபோய் கொன்யாக் என்னும் பிரெஞ்சு பிராந்தியின் பீப்பாயில் மீண்டும் ஊறவைத்து விற்கிறது. 2024 முதல் அந்த ரம்மின் பெயர் ‘பிளான்டரே’. 2017இல் பார்படாஸின் வெஸ்ட் இண்டீஸ் ரம் டிஸ்டில்லரியையும் ஃபெர்ராண்ட் வாங்கியது. ஜமைக்காவின் நேஷனல் ரம்ஸ் நிறுவனத்திலும் அதற்குப் பங்கு உண்டு. பீப்பாயோடு கப்பலேற்றி லண்டன், லிவர்பூல் கிடங்குகளில் ஊறவைத்ததும் பழைய மரபுதான் என்பது அதன் வாதம். அது வரலாற்றில் உண்மை. ஃபோர்ஸ்கொயர், மவுன்ட் கே உள்ளிட்ட எதிர்த்தரப்போ, பீப்பாய்க் கிடங்கும் கலவை வேலையும் பாட்டிலில் அடைப்பதும் வெளியேறினால் தீவுக்கு மிஞ்சுவது கச்சாச் சரக்கு ஏற்றுமதி மட்டுமே என்கிறது. காலனிக் காலத்துச் சர்க்கரை வியாபாரமும் அப்படித்தான் நடந்தது என்பதால், என் சார்பு இரண்டாவது தரப்புக்கே.

வாங்குபவருக்கு இதில் நேரடியான விளைவு ஒன்று உண்டு. முன்லேபிளில் ‘ஜமைக்கா, 20 ஆண்டு’ என்று மட்டும் இருந்தால், அந்த 20இல் 18 ஆண்டு ஐரோப்பியக் குளிரில் கழிந்திருக்கலாம். பீப்பாயில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும், மரம் மெல்லத்தான் பேசியிருக்கும், எஸ்டர் முன்னே நிற்கும். தீவிலேயே 20 ஆண்டு கிடந்ததோ கறுத்து, துவர்த்து, மரம் மேலோங்கி இருக்கும். இரண்டும் வேறு வேறு பானங்கள், விலையும் வேறாக இருக்க வேண்டும். எங்கே எத்தனை ஆண்டு ஊறியது என்பதைச் சில நிறுவனங்கள் பின்லேபிளில் தனித்தனியாகப் பிரித்தே போடுகின்றன. அப்படிப் போடாத பாட்டிலுக்குத் தீவில் ஊறிய ரம்மின் விலையைக் கேட்டால், கடைக்காரரிடம் காரணம் கேளுங்கள்.